ஸ்கோஷியா: மரம் வளரும் வேகமும் வட்டி வளரும் வேகமும்

கலிபோர்னியா என்றதும் என்னைப் போன்ற ஐடிக்காரர்களுக்கு சிலிக்கான் வேலிதான் ஞாபகத்துக்கு வரும். நான் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருப்பது அதே மாநிலத்தின் வடக்கே, ஹம்போல்ட் கவுண்டியில், ஈல் நதிக்கரையில் இருக்கும் ஸ்கோஷியா என்ற ஊரைப் பற்றி. ஜனத்தொகை ஆயிரத்தைத் தொடாது. ஆனால் காடு, கடன், ஒரு ஊரின் பிழைப்பு ஆகிய மூன்றும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஊரே கம்பெனி

1863-ல் ஆரம்பித்த பசிபிக் லம்பர் கம்பெனியின் ஊர் இது. முதலில் ஃபாரஸ்ட்வில் என்று பேர். கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் நிறைய இருந்ததால் 1888-ல் ஸ்கோஷியா ஆனது.

இங்கே அறுத்தது ரெட்வுட் மரம். (நம்ம ஊர் செம்மரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு ஜாதி.) 100 மீட்டருக்கும் மேலே வளரும், ஆயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கும். லேசில் உளுத்துப்போகாது என்பதால் வீட்டுச் சுவர், வேலி, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றுக்கும் கிராக்கி. ஊரின் பழைய பேங்க் கட்டடத்துக்குத் தூண்களே பட்டை உரிக்காத ரெட்வுட் மரங்கள்தான்!

மில், 270 சொச்சம் வீடுகள், கடைகள், தியேட்டர் என்று எல்லாமே கம்பெனிக்குச் சொந்தம். வாடகை குறைவு. அப்பா வேலை பார்த்த மில்லிலேயே பையனும் வேலைக்குச் சேருவான். எங்கள் தொழிலில் இதை 'சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்போம். அந்த ஒரு புள்ளி நன்றாக இருக்கும்வரை எல்லாம் சுகம்.

அசலும் வட்டியும்

அந்தப் புள்ளி ரொம்ப காலம் நன்றாகவே இருந்தது. 1930-களில் ஏ.எஸ். மர்ஃபி தலைமையில் கம்பெனி ஒரு கொள்கைக்கு வந்தது: காட்டை மொட்டையடிக்கக் கூடாது, பொறுக்கித்தான் வெட்ட வேண்டும், வளர்வதற்கு மேல் எடுக்கக் கூடாது.

பேங்க் டெபாசிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நிற்கிற மரம் அசல். வருஷா வருஷம் அது பெருப்பது வட்டி. வட்டியை மட்டும் எடுத்துச் செலவு செய்தால் அசல் பேரன் காலத்திலும் இருக்கும். மற்ற கம்பெனிகள் பழைய மரங்களை வெட்டித் தீர்த்துவிட்ட நிலையில், தனியார் கையில் மிஞ்சிய பழைய ரெட்வுட் காட்டின் பெரும்பகுதி பசிபிக் லம்பரிடம்தான் இருந்தது. கடனும் அதிகமில்லை.

வினை அங்கேதான் வந்தது. நிற்கிற மரம் கம்பெனிக்கு வருமானமாகத் தெரியாது, அதனால் பங்கு விலையும் பெரிதாக ஏறவில்லை. வெளியிலிருந்து பார்க்கிற முதலாளிக்கோ இது பூட்டாத நகைப் பெட்டி. சிக்கனமாக இருந்ததே அந்தக் கம்பெனிக்கு ஆபத்தாகிவிட்டது.

1985-ல் நடந்தது

டெக்சாஸைச் சேர்ந்த சார்லஸ் ஹர்விட்ஸின் மாக்ஸாம் நிறுவனம் 1985-ல், பங்குக்கு 40 டாலர் என்று பேசி கம்பெனியை வாங்கியது. மொத்தம் 80 கோடி டாலருக்கு மேல். பணத்தின் பெரும்பகுதி கடன். மைக்கேல் மில்கன் இருந்த ட்ரெக்சல் நிறுவனம் 'ஜங்க் பாண்ட்' விற்றுத் திரட்டிக் கொடுத்தது. அந்தக் கடன் வாங்கப்பட்ட கம்பெனியின் தலையிலேயே விழுந்தது.

ஜங்க் பாண்டுக்கு அன்றைக்கு வட்டி 12 சதவீதத்தை ஒட்டி. பழைய காடு வருஷத்துக்கு 12 சதவீதம் வளருமா? கிட்டக்கூட வராது. வட்டி வளர்கிற வேகம் மரம் வளர்கிற வேகத்தைத் தாண்டிவிட்டால், அசலில் கைவைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. வெட்டும் அளவு இரண்டு மடங்கானது. தொழிலாளர் பென்ஷன் நிதியில் உபரி என்று 5 கோடி டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். பென்ஷன் பொறுப்பை எக்ஸிக்யூடிவ் லைஃப் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். 1991-ல் அது முழுகிப்போனது.

ஊர் இரண்டுபட்டது

ஆரம்பத்தில் ஊருக்கு இது நல்ல காலமாகவே தெரிந்தது. ஓவர்டைம் கிடைத்தது, புது ஆட்களை எடுத்தார்கள். ஆனால் 'இப்படி வெட்டினால் என் பையனுக்கு மரம் எங்கே?' என்று கணக்குப் போட்டவர்கள் மில்லுக்குள்ளேயே இருந்தார்கள். 1988-ல் தொழிலாளர்களே கம்பெனியை வாங்கிவிடலாம் என்று ஒரு முயற்சி நடந்து தோற்றது.

வெளியே சுற்றுச்சூழல்காரர்களின் போராட்டம். 1990 மே மாதம், அதில் முன்னணியில் இருந்த ஜூடி பாரியின் காரில் குண்டு வெடித்தது. 1997 டிசம்பரில் ஜூலியா பட்டர்ஃப்ளை ஹில் என்ற இளம்பெண் ஸ்கோஷியாவுக்குப் பக்கத்தில் ஒரு ரெட்வுட் மரத்தின் மேல் ஏறி 738 நாள் இறங்காமல் இருந்தார். உலகப் பத்திரிகைகள் 'மரமா, வேலையா' என்று எழுதின. என் பார்வையில் அந்தக் கேள்வியே தப்பு. மரமும் வேலையும் ஐம்பது வருஷமாக ஒரே பக்கத்தில்தான் இருந்தன. எதிர்ப்பக்கத்தில் நின்றது தவணைத் தேதி.

1999-ல் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 38 கோடி டாலர் கொடுத்து ஹெட்வாட்டர்ஸ் காட்டில் சுமார் 7,500 ஏக்கரை வாங்கிக் காப்பாற்றின. கடன் அப்போதும் அடையவில்லை. அதற்கு முந்தின வருஷமே காட்டு நிலத்தைத் தனி கம்பெனிக்கு மாற்றி, அதன் மேல் 86 கோடி டாலருக்கு மேல் புதுக்கடன் எழுதியிருந்தார்கள். 2007 ஜனவரியில் மஞ்சக்கடுதாசி. அன்றைக்கும் அந்தக் காட்டின் மேல் பாக்கி 70 கோடி டாலருக்கு மேல்! இருபது வருஷம் வெட்டியும் மிஞ்சியது இதுதான்.

இப்போது

2008-ல் காடும் மில்லும் ஹம்போல்ட் ரெட்வுட் கம்பெனி கைக்குப் போயின. இவர்கள் பழைய மரங்களைத் தொடுவதில்லை, மறுபடியும் பொறுக்கித்தான் வெட்டுகிறார்கள். ஆட்கள் முன்பைவிட ரொம்பக் குறைவு. ஊர் கடன்காரர்கள் பங்குக்குப் போனது. வீட்டுக்கு வீடு தனி மனை என்பதே இல்லாத ஊர் அது. மனை பிரித்து, குழாய் இணைப்பெல்லாம் சரிசெய்து, வீடுகளை ஒவ்வொன்றாக விற்க ஆரம்பித்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் வாடகைக்காரர்களாகவே இருந்த ஊரில் சொந்த வீட்டுக்காரர்கள் வந்தார்கள்.

ரெட்வுட் வெட்டிய அடிமரத்திலிருந்தே மறுபடி துளிர்க்கும். காடு ஒருவிதத்தில் மீண்டுவிடும், வெட்டுப்பட்ட ஆயிரம் வருஷ மரங்கள் மட்டும் நம் காலத்தில் திரும்ப வராது. ஒரே தொழிலை நம்பியிருக்கும் ஊரைப் பற்றி இனி எங்கே படித்தாலும், எத்தனை பேருக்கு வேலை என்பதோடு, அந்தக் கம்பெனி யாருக்கு எவ்வளவு கடன், என்ன வட்டி என்பதையும் தேடிப் பாருங்கள். ஊரின் எதிர்காலம் பெரும்பாலும் அந்த இரண்டு எண்களில் இருக்கும்.