‘யாமே’ என்றால் நில்

தொட்டதற்கெல்லாம் கை நீட்டுகிற பிள்ளையைக் கராத்தேக்கு அனுப்பலாமா? கொள்ளிக்கட்டையை எடுத்துக் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா? பெற்றோரின் இந்தப் பயம் நியாயமானது. பதில், வகுப்பில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்க ஆய்வாளர் டிரல்சன் 1986இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். தவறான வழியில் போகக்கூடியவர்கள் என்று கண்டறியப்பட்ட பதின்வயதுப் பையன்களை அவர் மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வணக்கம், தியானம், மரியாதை எல்லாம் சேர்ந்த மரபான டேக்வாண்டோ. அடுத்ததற்கு வெறும் சண்டைப் பயிற்சி. மூன்றாவது குழு ஓடியது, கூடைப்பந்து ஆடியது. ஆறு மாதத்தில் முதல் குழுவின் மூர்க்கம் தணிந்தது. சண்டை மட்டும் படித்தவர்களுக்கோ அது கூடிவிட்டது! சிறிய ஆய்வுதான். ஆனாலும் அதை நான் மறக்கவில்லை.

கராத்தே வகுப்பில் ஒரு காட்சி. இரண்டு சிறுவர்கள் மோதிக்கொண்டிருக்கிறார்கள். மாஸ்டர் ‘யாமே’ என்கிறார். பாதி உயர்ந்த கால் அப்படியே இறங்குகிறது. மூச்சு வாங்க இருவரும் நேராக நின்று, குனிந்து வணங்குகிறார்கள். கோபம் வந்ததும் அடித்துவிடும் பிள்ளைக்குக் கோபத்துக்கும் கைக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. ரத்தம் சூடேறியிருக்கும்போதே நிற்கப் பழகுவதால் அந்த இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக உண்டாகிறது. நம் சிலம்பத்திலும் கம்பு கைக்கு வருமுன் காலடி பழக வேண்டும். சுற்றும்போது கவனம் சிதறினால் கம்பு சொந்த முழங்காலையே பதம் பார்க்கும்.

லேக்ஸ், ஹாய்ட் இருவரும் 2004இல் வெளியிட்ட பள்ளி ஆய்வில், டேக்வாண்டோ கற்ற பிள்ளைகள் மூன்று கேள்விகளைத் தங்களையே கேட்டுக்கொள்ளப் பழகினார்கள்: நான் எங்கே இருக்கிறேன்? என்ன செய்கிறேன்? என்ன செய்ய வேண்டும்? மூன்று மாதத்தில், வழக்கமான உடற்பயிற்சி வகுப்பில் இருந்தவர்களைவிட இவர்களுடைய தன்னடக்கமும் வகுப்பறை நடத்தையும் நன்றாக மேம்பட்டிருந்தன.

மனநல மருத்துவர் சொன்ன சிகிச்சை நடந்தால் அதை நிறுத்திவிடாதீர்கள்; இந்தப் பயிற்சி அதற்குத் துணை மட்டுமே. பிள்ளையின் சிரமத்தை மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பணம் கட்டுமுன் ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒரு பிள்ளை அழுதுகொண்டே கோபத்தில் எதிராளியைத் தள்ளிவிடும்போது மாஸ்டர் என்ன செய்கிறார்? பக்கத்தில் போய் மண்டியிட்டு, மூச்சை இழுத்துவிடச் சொல்லி, மறுபடி வரிசையில் சேர்த்துக்கொள்கிறாரா? அங்கே சேர்த்துவிடுங்கள்.