கணினி எழுத்தெண்ணும் முறை

நூலை எழுத்தெண்ணிப் படித்தல் வேண்டும் என்பது எம் முன்னோர் வழக்கு. கணினியும் எழுத்தெண்ணியே படிக்கின்றது. ஆயின் அதன் கணக்கு வேறு. இம்மலருக்கெனப் பழைய மாணவர் பெயர்களைக் கணினியில் ஏற்றியபோதே இதனை நாம் நன்குணர்ந்தோம். தலைப்பெழுத்து நீங்கலாகப் பெயரொன்றுக்குப் பத்து எழுத்துப் போதும் என வரையறுத்திருந்தோம். ‘கணேசலிங்கம்’ என்பதில் எழுத்து ஏழே. எனினும் அது ‘கணேசலிங்கம’ என ஈற்றுப் புள்ளியிழந்து வந்தது.

காரணம் யாது? 1991இல் முதற்பதிப்பு வெளிவந்த யூனிக்கோட் முறையில் தமிழின் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் இல்லை. உயிருக்கும் ஆய்தத்துக்கும் அகரமேறிய மெய்க்கும் எண்கள் உண்டு. உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் வேறு எண்கள் உண்டு. ஆதலின் ‘லி’ இரண்டாகும். ‘ம்’ என்பதும் இரண்டாகும். இவ்வாறெண்ணின் அப்பெயர் 11 ஆகும். பத்தில் வெட்டவே புள்ளி வீழ்ந்தது. யூ.டி.எஃப்-8 முறையிற் சேமிக்கும்போது இவற்றுள் ஒவ்வொன்றும் 3 பைற்று இடங்கொள்ளும். பெயர் முழுவதும் 33 பைற்றாகும்.

எழுத்துத் தொடரைக் கணினியாளர் ‘சரம்’ என்பர். சரத்தின் நீளம் பெயருக்குப் பெயர் வேறுபடுதலின், அஃது எங்கே முடிகின்றது என்பதைக் கணினிக்கு உணர்த்தல் வேண்டும். சீ மொழி சரத்தின் இறுதியிற் சுழியப் பைற்று ஒன்றை இட்டு முடிவைக் காட்டும். பாஸ்கல் மொழியின் பழைய பதிப்புக்கள் சில, நீளத்தை முன்னரே ஒரு பைற்றிற் குறித்தன. அதனால் 255க்கு மேற் செல்ல இயலவில்லை. எண்ணும் முறையும் மொழிக்கு மொழி வேறாம். ‘கொழும்பு’ என்னுஞ் சொல்லின் நீளம் பைதன் மொழியில் 8. சுவிஃப்ட் மொழியில், நம் இலக்கணத்தோடு ஒத்து, 4.

தரவு வகையைத் தெரிதலிலும் இத்தகைய விழிப்பு வேண்டும். வெள்ளவத்தையின் தபாற் குறியீடு 00600, கொட்டாஞ்சேனையினது 01300. இவற்றை முழுவெண் வகையில் இடின் முன்னின்ற சுழியங்கள் மறைந்து 600, 1300 என்பனவே எஞ்சும். இலக்கங்களால் ஆயது யாவும் எண்ணன்று. கூட்டலும் பெருக்கலும் வேண்டாதவற்றைச் சரமெனக் கொள்ளுதலே தக்கது.

வரையறையை விரித்துப் பட்டியலைத் திருத்தினோம். பிழை கணினியினதன்று; ‘எழுத்து’ என்று நாம் ஒன்றைக் கருத, அது வேறொன்றைக் கருதிற்று. நாளை நிரல் எழுதவிருக்கும் மாணவர் இதனை மனங்கொள்வாராக. ஒருவர் பெயரிற் புள்ளியொன்று குறைவதும் அவருக்குக் குறையே.