எண்ணெய் எங்கே கசிகிறது?

மலைநாட்டில் வாழும் நம்மவர்க்கு மோட்டார் வண்டி ஆடம்பரமன்று. எங்கள் குடும்பம் கம்பத்தை விட்டுக் குமுளியில் குடியேறிய நாள்முதல், ஏலக்காய் மூட்டையும் பிரசவத்துக்குப் போகிற பெண்களும் மலையிறங்குவது எங்கள் பழைய அம்பாசடரில்தான். 2014இல் அதன் உற்பத்தியே நின்றுவிட்டது. அது எண்ணெய் சொட்டத் தொடங்கியதும், "பின் சீல் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்று பட்டறையில் தீர்ப்பாயிற்று. அந்தச் செலவுக்கு வண்டியையே விற்றுவிடலாம்!

நண்பர்களே, சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. எண்ணெய் கீழே வழியும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆகவே மேலே எங்குக் கசிந்தாலும் எஞ்சினின் பின்னடியில்தான் சொட்டும். ஆறிய எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவி, நன்றாக உலர்ந்தபின் முகப்பவுடர் தூவி, கால்மணி நேரம் ஓடவிட வேண்டும். ஈரக்கோடுகளில் மிக உயரத்தில் தொடங்குவது எதுவோ, அதுவே குற்றவாளி.

எங்கள் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினில் அகப்பட்டது பக்கவாட்டு டாப்பெட் மூடி. அதனடியில் தக்கைக் கேஸ்கட் இருக்கிறது. தக்கை நுண்ணிய காற்றறைகளால் ஆனது. அதனால்தான் அமுங்கி இடைவெளியை அடைக்கிறது. ஆண்டுக்கணக்கில் சூடேறினால் இறுகிச் சுருங்கும். கசிகிறதே என்று போல்டை மேலும் முடுக்கினால், தகர மூடி நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். முடுக்குவதே வைத்தியம் என்ற நம்பிக்கை நம்மிடம் எப்படி வேரூன்றியதோ!

மூடியைக் கழற்றி, ஓரத்தைப் பலகைமேல் வைத்து மரச்சுத்தியால் சமப்படுத்தினேன். புதுத் தக்கையை மூடியின் பக்கம் மட்டும் பசையிட்டு ஒட்டி, மெல்ல முடுக்கினேன்.

அத்துடன் விட்டால் அதுவும் நெடுநாள் தாங்காது. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரிந்த வாயு சிறிது எஞ்சினின் அடியறைக்கு இறங்கும். லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும்போது எஞ்சின் முக்குவதால் வாயுவும் மிகும். அது வெளியேறுவதற்கென்று முன்பக்க டாப்பெட் மூடியில் ஒரு மூச்சுக்குழாய் உண்டு. எங்கள் வண்டியில் அது தார் போன்ற கசடால் அடைந்து கிடந்தது. வழியில்லாத வாயு, பலவீனமான இணைப்பின் வழியே எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. குழாயை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தேன்.

பட்டறையில் சொன்ன பின் சீல் இந்த எஞ்சினில் ரப்பர் வளையமே அன்று. கிராங்க் தண்டில் வெட்டிய திருகுமரை. சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பியனுப்பும். நின்றால் அதற்கு வேலையில்லை. ஆகவே இரவில் இரண்டொரு துளி விழுவது நோயன்று. எங்கள் வண்டி இப்போது அவ்வளவுதான் விடுகிறது. அதற்கொரு தகரத்தட்டு வைத்திருக்கிறோம்.