நிலத்தின் நைட்ரஜன்: வரவும் செலவும்

பயிர்களின் ஆகாரங்களுள் தலைமையானது நைட்ரஜன். இலையின் பசுமைக்கும் தானியத்தின் சத்துக்கும் இதுவே ஆதாரம். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு இவ்வாயுவே. ஆயினும் நெற்பயிர் இதனைக் காற்றிலிருந்து நேரே கிரகிக்க வல்லதன்று. மண்ணில் உப்பாகக் கரைந்திருப்பதையே அது வேரால் உறிஞ்சும்.

சங்கத்தின் கணக்கில் வரவும் செலவும் இருப்பது போலவே நிலத்திற்கும் ஒரு நைட்ரஜன் கணக்கு உண்டு. அக்கணக்கில் பற்று வரவு செய்வோர் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள்.

முதலில் வரவு. உளுந்து, பாசிப்பயறு, சணப்பு, கொழிஞ்சி, தக்கைப்பூண்டு ஆகிய செடிகளை வேரோடு பிடுங்கிப் பார்த்தால் சிறு முடிச்சுகள் தென்படும். அவற்றுள் வாழும் நுண்ணுயிர்கள் செடியிடம் சர்க்கரைச் சத்தைப் பெற்று, காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு அளிக்கின்றன. முடிச்சை நசுக்கினால் உட்புறம் சிவந்திருப்பது வேலை நன்கு நடப்பதற்கு அடையாளம். இவ்வுண்மையை 1886-ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் இருவர் விளக்கினர். நெல் வயலின் நீரிற் படரும் நீலப்பச்சைப் பாசியும் இதே தொழிலைச் செய்வதை 1939-ல் பி. கே. டே என்னும் இந்திய அறிஞர் எடுத்துக்காட்டினார்.

தழையும் சாணமும் மண்ணில் மக்குங்கால், வேறு நுண்ணுயிர்கள் அவற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகின்றன. காற்றோட்டமுள்ள இடத்தில் அது பின்னர் நைட்ரேட் உப்பாகிறது. பயிர் இவற்றை உண்ண, பயிரை மாடும் மனிதரும் உண்ண, கழிவு மீண்டும் மண்ணைச் சேர்கிறது.

இனிச் செலவு. 1895-ம் வருஷத்தில் பெரியாற்று அணை முடிவுற்று, அதன் நீர் வைகைக்குத் திரும்பியபின், சமயநல்லூரை அடுத்த மதுரைச் சமவெளியில் நெற்சாகுபடி பெருகிற்று. நீர் தேங்கிய வயலில் மேற்பரப்பு மட்டுமே காற்றுப் படும். கீழுள்ள சேற்றில் காற்று இல்லை. மேற்பரப்பில் உண்டாகும் நைட்ரேட் சேற்றுக்குள் இறங்கினால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனை வாயுவாக்கிக் காற்றிற்கே திருப்பிவிடுகின்றன. தேங்கிய நீரின்மேல் தூவிய யூரியாவிலிருந்து அம்மோனியாவும் ஆவியாகப் போய்விடும். 45 கிலோ மூட்டை யூரியாவில் சுமார் 20 கிலோ நைட்ரஜன் உண்டு. அதில் பாதிகூடப் பயிருக்குச் சேராமற் போவது சகஜம். கடன்பட்டு வாங்கிய உரம் இவ்வாறு காற்றோடு போகிறது. நைட்ரேட்டாகும் வேகத்தைக் குறைப்பதற்காகவே இந்தியாவில் 2015 முதல் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசப்படுகிறது.

மற்றொரு பெருஞ்செலவு தொழுவத்தில் நேர்கிறது. மாட்டின் மூத்திரத்திலுள்ள நைட்ரஜன், எடைக்கு எடை, பச்சைச் சாணத்திலுள்ளதினும் அதிகம். சாணத்தை அள்ளிச் சேர்ப்போர் மூத்திரத்தைத் தரையில் வழியவிடுகின்றனர். சாணத்தையும் வறட்டியாகத் தட்டி எரித்தால் அதன் நைட்ரஜனும் புகையோடு போகும். சாம்பலில் அது மிஞ்சாது.

ஆகையால் குடியானவர்கள் கைக்கொள்ள வேண்டியவை நான்கு:

1. நாற்று நடுமுன் தக்கைப்பூண்டையோ சணப்பையோ விதைத்து, சுமார் 45 நாளில், பூக்குந் தருணத்தில், மடக்கி உழுக. நெல் அறுத்த தரிசில் உளுந்து, பயறு விதைக்க.

2. யூரியாவை ஒரே தடவையில் இடாது, பயிரின் பருவமறிந்து பிரித்து இடுக. நீரை வடித்துச் சேற்றில் இட்டு, பின்னர் நீர் பாய்ச்சுக.

3. தொழுவத்தில் வைக்கோற்கூளமோ உலர்ந்த மண்ணோ பரப்பி, மூத்திரம் ஊறியபின் அதனை எருக்குழியிற் சேர்க்க.

4. எருக்குழியை வெயிலும் மழையும் படாமல் மூடுக. உரமும் எருவும் மிகுதியாகக் கொட்டிய நிலத்தினின்று நைட்ரேட் கிணற்றில் இறங்கினால், அந்நீர் கைக்குழந்தைகளுக்குத் தீங்காகும்.

காற்றிலுள்ள நைட்ரஜனுக்கு விலையில்லை. மூட்டையில் வருவதற்கு விலையுண்டு. உரத்திற்குக் கடன் கோருமுன், தன் தொழுவத்திலும் வயலிலும் ஒழுகிப்போவது எவ்வளவு என்று ஒவ்வோர் அங்கத்தினரும் கணக்கிட்டுப் பார்ப்பாராக. அவ்வொழுக்கை அடைத்த அளவுக்கு அவர் வாங்கவேண்டிய கடனும் குறையும்.