உங்களுக்குத் தெரியுமா? போலந்தின் அபூர்வக் குரல்

★ மேற்கத்திய இசையில் பெண் குரல்களிலேயே மிகத் தாழ்ந்தது ‘கான்ட்ரால்டோ’. அடர்த்தியும் இருட்டும் கலந்த குரல் அது. அசல் கான்ட்ரால்டோ அபூர்வமாகவே கிடைக்கும். போலந்தைச் சேர்ந்த எவா பொட்லெஷ் அப்படிப்பட்ட ஒருவர். அவர் குரல் மூன்று ஸ்தாயிகளுக்கும் மேல் சென்றுவந்தது. கீழ் ஸ்வரங்களில் அவர் இறங்கும்போது, பாடுவது ஆணா பெண்ணா என்று முதல்முறை கேட்பவர்கள் திகைத்துப்போவார்கள்.

★ 1952 ஏப்ரல் 26-ஆம் தேதி வார்சாவில் பிறந்தார். அம்மாவும் தாழ்ந்த குரல் உடையவர்தான். ஓபராவின் குழுப்பாடகர்களில் ஒருவர். மகள் மூன்று வயதிலேயே மேடை ஏறிவிட்டாள். புச்சினியின் ‘மதாம் பட்டர்ஃப்ளை’ ஓபராவில் கதாநாயகியின் பிள்ளையாக வந்தாள். அந்தக் குழந்தைக்குப் பாட ஒரு வரிகூடக் கிடையாது! வளர்ந்த பிறகு வார்சாவிலேயே அலினா பொலெஹோவ்ஸ்காவிடம் முறைப்படி பாட்டுக் கற்றார்.

★ பொட்லெஷ் தன் வாழ்நாளில் பாதி மேடைகளில் கவசமும் வாளுமாகவே நின்றார் என்று சொல்லத் தோன்றும். காரணம், பழைய ஓபராக்களின் வழக்கம். 18-ஆம் நூற்றாண்டில் வீரர்களின், மன்னர்களின் பாத்திரங்களை ‘கஸ்த்ராத்தோ’ பாடகர்கள் பாடினார்கள். மகரக்கட்டு உடையாமல் இருப்பதற்காகச் சிறுவயதிலேயே காயடிக்கப்பட்ட ஆண்கள் அவர்கள். அந்தக் கொடுமை ஒழிந்துவிட்டது. அவர்களுக்காக எழுதப்பட்ட இசை மட்டும் நிற்கிறது. இன்று அதைப் பாட இரண்டே வழி: உச்சக்குரலில் பாடப் பழகிய ஆண்கள், அல்லது தாழ்ந்த குரல் கொண்ட பெண்கள். ஹாண்டெல் எழுதிய ஓபராக்களில் ஜூலியஸ் சீசராகவும் ரினால்டோவாகவும் பொட்லெஷ் பாடியது இப்படித்தான்.

★ நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா 1883-இல் திறக்கப்பட்டது. அங்கே ஹாண்டெலின் ஓபரா ஒன்று முதன்முதலாக மேடையேறியது எப்போது? 1984-இல்தான்! அந்த ஓபரா ‘ரினால்டோ’. 1711-இல் லண்டனில் அரங்கேறியது. பெரும் புகழ் பெற்ற பாடகி மெரிலின் ஹார்ன் தலைமைப் பாத்திரம் ஏற்றிருந்தார். சில நாள் காட்சிகளில் அதே பாத்திரத்தைப் பாடும் வாய்ப்பு 31 வயது பொட்லெஷுக்குக் கிடைத்தது.

★ அடுத்த தடவை அதே அரங்கத்தில் அவர் பாடியது 2008-இல். நடுவே 24 ஆண்டுகள்! ‘லா ஜோகொண்டா’ ஓபராவில் பார்வையற்ற தாயாக வந்தார். டொராண்டோ, சியாட்டில், பார்சலோனா ரசிகர்கள் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய காலம் அது. முழுப் பலத்தோடு இருந்த ஒரு குரலைக் கால் நூற்றாண்டு கேட்காமல் விட்டது நியூயார்க்கின் நஷ்டம்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

★ கான்ட்ரால்டோக்களை உயிருக்கு உயிராக நேசித்த இசையமைப்பாளர் ரோசினி. ‘டான்க்ரெதி’ ஓபரா 1813-இல் வெனிஸில் அரங்கேறியபோது அவருக்கு வயது 20. அதன் வீரநாயகனை ஒரு பெண் குரலுக்காகவே எழுதினார். தாழ்ந்த கனமான குரலில் வேகமான பிருகாக்கள் உதிர வேண்டும். கனம் இருந்தால் வேகம் வராது, வேகம் இருந்தால் கனம் இருக்காது. பொட்லெஷிடம் இரண்டும் இருந்தன. ஆல்பெர்த்தோ ஜெத்தா நடத்திய இசைக்குழுவோடு, கொரியப் பாடகி சுமி ஜோவுடன் சேர்ந்து அவர் பாடிய ‘டான்க்ரெதி’ நாக்சோஸ் நிறுவனத்தின் வெளியீடாக வந்தது.

★ அறுபது வயதில் பாரசீக மன்னர் சைரஸ்! ரோசினி பிறந்த ஊரான பெசாரோவில் 2012-இல் நடந்த விழாவில் ‘சிரோ இன் பாபிலோனியா’ ஓபராவின் மன்னராகப் பொட்லெஷ் வந்தார். மேடை முழுவதையும் பழைய மௌனப்படம் போலவே கறுப்பு வெள்ளையில் அமைத்திருந்தார்கள்.

இதே ஓபராவை ரோசினி எழுதிய காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. துணைப் பாத்திரத்துக்கு வந்த பாடகியின் குரலில் ஒரே ஒரு ஸ்வரம்தான் கேட்கும்படி இருந்ததாம். ரோசினி என்ன செய்தார் தெரியுமா? அந்த ஒற்றை ஸ்வரத்திலேயே முழுப் பாட்டையும் எழுதி, மெட்டை வாத்தியங்களிடம் ஒப்படைத்துவிட்டார். சபையில் பலத்த கைதட்டல். இதைப் பின்னாளில் சொன்னவர் ரோசினியேதான்.

★ ஓபரா மேடைக்கு வெளியேயும் பொட்லெஷுக்குப் பெரிய வாழ்வு இருந்தது. மாலரின் மூன்றாவது சிம்பொனியில் முதல் பகுதி மட்டுமே அரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். பாடகி நான்காம் பகுதியில்தான் வாய் திறக்க வேண்டும். அதுவும் மிக மெல்ல, நள்ளிரவைப் பற்றி. அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு முதல் ஸ்வரத்தைச் சுத்தமாகப் பிடிப்பது சாதாரண காரியமா? அந்தோனி வித் நடத்திய போலந்து வானொலி இசைக்குழுவோடு பொட்லெஷ் அதைப் பதிவு செய்திருக்கிறார்.

★ போலந்தின் கரோல் வொய்த்திவா 1978-இல் போப் இரண்டாம் ஜான் பாலாக ஆனதைப் போற்றி, இசையமைப்பாளர் பென்டெரெட்ஸ்கி ‘தே தேயும்’ என்ற துதி இசையை எழுதினார். அவரே நடத்திய ஒலிப்பதிவில் நான்கு தனிப்பாடகர்களில் ஒருவர் பொட்லெஷ்.

★ பியானோவுக்காகவே உலகம் அறிந்த ஷோபான், தாய்மொழியான போலிஷ் கவிதைகளுக்கு மெட்டமைத்தும் இருக்கிறார். 19 பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. 1970-இல் ஷோபான் போட்டியில் வென்ற அமெரிக்கர் காரிக் ஓல்சன் பியானோ வாசிக்க, பொட்லெஷ் அவற்றைப் பாடிப் பதிவு செய்தார். பெரிய அரங்கையே நிறைக்கும் குரல் இங்கே வீட்டுக் கூடத்தில் பாடுவதுபோல அடங்கி ஒலிக்கிறது.

★ கணவர் யெர்ஸி மர்ஹ்வின்ஸ்கியும் பியானோ கலைஞர்தான். பக்கவாத்தியம் வாசிப்பதையே தனிக் கலையாகப் போற்றியவர். 2023-இன் கடைசியில் அவர் காலமானார். 2017-இல் பார்சலோனாவில் பாடியதோடு ஓபரா மேடையிலிருந்து ஒதுங்கியிருந்த பொட்லெஷ், 2024 ஜனவரி 19-ஆம் தேதி வார்சாவில் மறைந்தார். வயது 71.

★ ஓபரா என்றால் கீச்சுக்குரல் என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்கள் ‘டான்க்ரெதி’யில் நாயகன் தாய்மண்ணில் கால் வைத்ததும் பாடும் முதல் பாட்டைப் பொட்லெஷ் குரலில் ஒருமுறை கேட்கட்டும். நம் காதுக்கு அந்நியமாகவே இருக்காது.