தாயா, தந்தையா என்னும் கணக்கு

அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 1976 முதல் 2005 வரையிலான பதிவுகளைத் தொகுத்து, ஐந்து வயது நிரம்புமுன் கொலையுண்ட குழந்தைகளில் நூற்றுக்கு 31 பேர் தந்தையாலும், 29 பேர் தாயாலும், 23 பேர் பழக்கமான ஆடவராலும் மாண்டனர் என்றும், அந்நியரால் மாண்டவர் 3 பேரே என்றும் கூறுகிறது. தந்தையரைச் சாடுவோரும் தாய்மாரைச் சாடுவோரும் இதே அட்டவணையிலிருந்து ஆளுக்கொரு வரியை எடுத்துக்கொண்டு வாதுக்கு வருவது விசித்திரமே.

அந்தத் தந்தையரில் மாற்றாந்தகப்பனும் அடங்குவான். தாயோடு விவாகமின்றி வாழும் ஆடவனோ பெரும்பாலும் பழக்கமானவர் வரிசைக்குப் போய்விடுகிறான். இவனை இடம் மாற்றினால் விகிதமும் மாறும். அன்றியும், பிறந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நிகழும் சிசுஹத்தியை 1970-இல் தனி வகையாகப் பிரித்துக் காட்டிய மனநோய் மருத்துவர் பிலிப் ரெஸ்னிக், அதைச் செய்பவர் அநேகமாகத் தாயே என்று கண்டார். கருவுற்றதையே மறைத்தவள் பிரேதத்தையும் மறைத்துவிடுவாளாயின், அந்த மரணம் போலீஸ் கணக்கில் ஏறுவதே இல்லை. அந்தப் பருவம் கடந்து, அழும் குழந்தையை அடித்தும் உலுக்கியும் கொல்வோரிலோ ஆடவரே மிகுதி. ஐந்து வயது வரையுள்ள அனைவரையும் ஒரே தொகையாக்கும்போது இவ்விரு உண்மைகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன.

அதே நாட்டின் சுகாதாரத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் தாயின் பங்கு கூடுதலாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம், அது கொலையை மட்டும் எண்ணாமல், உணவின்றியும் கவனிப்பாரின்றியும் நேர்ந்த மரணங்களையும் சேர்த்து எண்ணுவதாகும். நாளெல்லாம் குழந்தையோடிருக்கும் பொறுப்பு எவள் தலையில் விழுந்ததோ அவள் தலையிலேயே அந்தக் குற்றமும் விழுகிறது. தகப்பன் உடனிருந்த சொற்ப நேரத்தை அளவுகோலாக்கினாலோ முடிவு வேறாகும். அப்படி அளந்த கணக்கு எளிதில் அகப்படுவதில்லை.

இன்னொரு மயக்கமும் உண்டு. கொலையுண்டோரில் நூற்றுக்கு 31 என்பது தந்தையரில் நூற்றுக்கு 31 அன்று. ஐந்து வயதுக்குட்பட்டோர் ஏறத்தாழ 2 கோடிப் பேர் வாழும் தேசத்தில் ஆண்டுக்கு இவ்வாறு மடிவோர் சில நூறு பேர்.

31-க்கும் 29-க்கும் நடுவே நிற்கும் இரண்டை வைத்து எந்தப் பாலார்மீதும் குற்றப்பத்திரிகை எழுத இயலாது. குழந்தையின் வயதையும், எண்ணியவர் யார் என்பதையும் சொல்லாமல் இத்தகைய சதவீதத்தை அச்சிடும் பத்திரிகையை வாசகர்கள் நம்ப வேண்டியதில்லை.