உஷார்! ‘மிச்சத்தை பார்ட் டைம்ல பார்த்துக்கலாம்’ என்று சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்

மதுரை காளவாசலிலும் பைபாஸ் ரோட்டிலும் அண்ணா நகரிலும் மாடிக்கு மாடி வெளிநாட்டுப் படிப்பு போர்டு தொங்குகிறது. செப்டம்பர் சேர்க்கை நெருங்கினால் திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துப் பெற்றோர் பத்திரப் பையோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களிடம் சொல்லப்படும் வசனம் அநேகமாக இதுதான்: “அப்பா, நீங்க மொதத் தவணைய மட்டும் கட்டுங்க. மிச்சத்த தம்பி அங்க போயி பார்ட் டைம்ல பாத்துக்கும்.”

பார்த்துக்கொள்ள முடியாது. கணக்கே இடிக்கிறது.

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். பட்டப்படிப்பு, முதுகலை மாணவருக்குப் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை. 21 வயதைத் தாண்டியவருக்கு 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்ட். ஒரு மணி நேரம்கூட விடாமல் உழைத்தால் மாதம் சுமார் 1,100 பவுண்ட் வரும். ஆனால் லண்டனுக்கு வெளியே தங்கிப் படிக்கவே மாதம் 1,171 பவுண்ட், லண்டனில் 1,529 பவுண்ட் கையில் இருக்க வேண்டும் என்று 2025 நவம்பர் முதல் அந்த நாட்டு அரசே விசாவுக்குக் கணக்குக் கேட்கிறது. ஆக, முழுச் சம்பளமும் வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே பற்றவில்லை. பல முதுகலைப் படிப்புகளுக்கு ஃபீஸ் 15,000 பவுண்டுக்கு மேல். நம் காசில் 17 லட்சத்தைத் தாண்டும். அது எங்கிருந்து வரும்?

அந்த 20 மணி நேரமும் உறுதியில்லை. கடை, உணவகம், கிடங்கு என்று மாணவர்களுக்குக் கிடைக்கும் வேலைகளில் பல ‘ஜீரோ அவர்’ ஒப்பந்தம். வாராவாரம் போடும் ரோட்டாவில் பெயர் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் அறையில் உட்கார வேண்டியதுதான். போய் இறங்கியதும் வேலை கிடைத்துவிடும் என்பதும் கிடையாது. முதல் இரண்டு மூன்று மாதச் செலவு முழுக்க ஊர்ப் பணம்தான்.

பணம் பற்றாதபோதுதான் அடுத்த வலை விழுகிறது. “கேஷ்ல தர்றோம், கணக்குல வராது” என்பார்கள். சம்பளச் சீட்டு இருக்காது, கூலி குறையும், தராவிட்டால் புகார் கொடுக்கவும் பயம். இன்னொருவர் பெயரிலுள்ள டெலிவரி ஆப் கணக்கை வாடகைக்கு எடுத்துச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது அதைவிட மோசம். பிரிட்டனில் மாணவர் விசாவில் சுயதொழிலே கூடாது. டெலிவரி ஆப் வேலை அதில்தான் வரும். மணிக் கணக்கும் திங்கள் முதல் ஞாயிறு வரை, எல்லா வேலையையும் கூட்டித்தான். இரண்டு கடையில் 12 மணி, 12 மணி என்று பார்த்தால் 24, விதியை மீறியாகிவிட்டது. முதுகலை மாணவர்கள் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கோடையில் வகுப்பு இல்லை, லீவுதானே என்று முழுநேர வேலைக்குப் போகிறார்கள். ஆய்வறிக்கை எழுதும் அந்த மாதங்களும் அவர்களுக்குப் பாடக்காலம்தான். மாட்டினால் விசா போகும், படிப்பு போகும், கட்டிய ஃபீஸும் போகும்.

மற்ற நாடுகளும் தாராளம் இல்லை. கனடா 2022 நவம்பரில் மணி நேரக் கட்டுப்பாட்டைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. 2024 ஏப்ரல் 30-உடன் அது முடிந்து, இப்போது வாரம் 24 மணி. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல் இரண்டு வாரத்துக்கு 48 மணி. ஜெர்மனியில் வருஷத்துக்கு 140 முழு நாள். அமெரிக்காவில் முதல் வருஷம் வளாகத்துக்குள் மட்டுமே, வாரம் 20 மணி. தளர்வு இருந்த காலத்து வீடியோக்கள் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. தேதி பார்க்காமல் நம்பி ஏமாறுவது அங்கேதான்.

இதில் எனக்கு அதிகம் கோபம் வருவது ‘ஃபண்ட் போட்டுத் தர்றோம்’ வியாபாரத்தின் மேல். ஒன்பது மாதச் செலவும் மீதி ஃபீஸும் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பது பிரிட்டன் விதி. அதற்காக வட்டிக்குப் பணம் போட்டு, விசா வந்ததும் உருவிக்கொள்கிறார்கள். அப்பா வட்டி கட்டுகிறார், பிள்ளை காலிக் கணக்கோடு விமானம் ஏறுகிறது. இதற்காகப் பொய் ஆவணம் கொடுத்தது தெரிந்தால் 10 ஆண்டுத் தடை வரை போகும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. வெளிநாட்டுக் கனவு என்று பெயர் வைத்தால் மட்டும் மீட்டர் வட்டி இனிக்கிறதா?

நஞ்சையை அடகு வைக்குமுன் வங்கிக்குப் போங்கள். வித்யாலட்சுமி தளத்தில் கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி அதுவரை சும்மா இருக்காது, ஏறும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கு வெளிநாட்டு உயர்கல்விக்கு அரசு உதவித்தொகை இருக்கிறது. கமிஷன் வராத விஷயம் என்பதாலோ என்னவோ, பல ஏஜென்ட்டுகள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. முதல் வருஷ ஃபீஸும் சாப்பாடும் பார்ட் டைம் இல்லாமலே கையில் இருந்தால் அனுப்புங்கள். அங்கே சம்பாதிப்பது பஸ் பாஸுக்கும் மளிகைக்கும் ஆகட்டும்.

“பார்ட் டைம்ல ஃபீஸ் கட்டலாம்னு சொன்னீங்கள்ல, அத உங்க லெட்டர்பேடுல எழுதி சீல் வச்சுத் தாங்க” என்று ஏஜென்டிடம் கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே போய் மணி நேரத்தைத் தாண்டிவிட்ட பிள்ளைகள் ரூம்மேட்டிடம் யோசனை கேட்காமல், இன்றைக்கே பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குப் போகட்டும். கையில் காசு தீர்ந்த மாணவருக்கு உதவ பல பல்கலைக்கழகங்களில் தனி நிதியும் உண்டு, கேட்டால்தான் தருவார்கள்.